ஒரே கரண்டி மாவும் 300 டிபிஐயும்: போட்டோகிராபர் கேள்வி-பதில்

முகூர்த்த சீசன் முடிந்த கையோடு வரும் கேள்விகளில் பாதி ‘படம் அழிந்துவிட்டது’ ரகம்தான். அதில் ஒன்றுக்கு மட்டும் இங்கே பதில். மற்றவர்களுக்கும் அதே மருந்துதான்.

கே: லைட்ரூம் (படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருள்) ரொம்ப மெதுவாக ஓடுகிறது. என்ன செய்யலாம்? (ஈரோடு வாசகர்)

எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை ஜிபி ரேம், படங்கள் எந்த டிரைவில் இருக்கின்றன, எதையும் எழுதாமல் கேட்டால் நான் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். சோழியில் தெரிவது இதுதான்: லைட்ரூம் படக் கணக்கு எழுதி வைக்கும் கேட்டலாக் ஃபைல் பழைய ஹார்ட் டிஸ்கில் கிடக்கிறது, சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுகிறது. கேட்டலாகை எஸ்எஸ்டி என்ற வேகமான டிரைவுக்கு மாற்றுங்கள். சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ரேம் 8 ஜிபி என்றால் 16 ஆக்குங்கள். அப்புறமும் சரியாகவில்லை என்றால் விவரத்தோடு எழுதுங்கள்.

கே: லைட்ரூமில் ஃபோல்டர்கள் மேல் கேள்விக்குறி விழுந்திருக்கிறது. படங்கள் போய்விட்டனவா? (காரைக்குடி வாசகர்)

போகவில்லை. விண்டோஸில் நீங்களே ஃபோல்டரை இடம் மாற்றியிருப்பீர்கள், இல்லாவிட்டால் எக்ஸ்டர்னல் டிரைவைச் செருகியிருக்க மாட்டீர்கள். ரைட் கிளிக் செய்து, ‘ஃபைண்ட் மிஸ்ஸிங் ஃபோல்டர்’ கொடுத்து, புது இடத்தைக் காட்டுங்கள்.

கே: 64 ஜிபி கார்டு காப்பி ஆக அரை மணி நேரம் ஆகிறது. வேறு கார்டு வாங்கலாமா? (சிவகாசி வாசகர்)

கார்டு மேல் பழி போடாதீர்கள். அரை மணி நேரம் என்றால் விநாடிக்குச் சுமார் 35 எம்பி. அது யுஎஸ்பி 2-இன் வேகம். உங்கள் ரீடர் பழசாக இருக்கும், அல்லது ரீடரைப் பழைய போர்ட்டில் செருகியிருப்பீர்கள். யுஎஸ்பி 3 போர்ட் பெரும்பாலும் உள்ளே நீல நிறத்தில் இருக்கும். யுஎஸ்பி 3 ரீடரை அதில் செருகினால், யுஎச்எஸ்-1 என்ற வேக ரகத்தில் நல்ல கார்டிலிருந்து விநாடிக்கு 80, 90 எம்பி வரும். பன்னிரண்டு பதின்மூன்று நிமிடத்தில் வேலை முடியும். வழக்கமாகச் சொல்வதுதான்: கார்டிலிருந்து ‘கட்’ செய்யாதீர்கள், ‘காப்பி’ மட்டும் செய்யுங்கள்.

கே: உதவியாளர் தவறுதலாகக் கார்டை ஃபார்மட் செய்துவிட்டார். கார்டு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க 40 படம் எடுத்தோம். பழைய படங்கள் கிடைக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

அந்த நாற்பது எதற்கு? புதுப் படம் எந்த இடத்தில் எழுதப்பட்டதோ, அந்த இடத்தில் இருந்த பழைய படம் திரும்பாது. மீதிக்கு வாய்ப்பு இருக்கிறது. கார்டை உடனே வெளியே எடுங்கள். போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓட்டுங்கள். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிரைவில் சேமியுங்கள். பழைய ஃபைல் பெயர்கள் வராது, எல்லாம் குழம்பிக் கிடக்கும். எடுத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் மாலை மாற்றியது முன்னே, சாப்பாட்டுப் பந்தி பின்னே என்று ஒழுங்காகிவிடும். இனி இரண்டு டிரைவில் காப்பி இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே, கேமராவில் வைத்து ஃபார்மட் செய்யுங்கள்.

கே: ஆல்பம் லேப்பில் 300 டிபிஐயில் படம் கேட்கிறார்கள். என் கேமரா 72 டிபிஐயில்தான் எடுக்கிறது. இதை எந்த மெனுவில் மாற்றுவது? (தஞ்சாவூர் வாசகர்)

எந்த மெனுவிலும் தேட வேண்டாம். இருபது வருடமாக இதைச் சொல்லி என் தொண்டைதான் வறண்டிருக்கிறது, இன்னொரு தடவையும் சொல்கிறேன். கேமராவுக்கு டிபிஐ (அச்சில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) கிடையாது. அது எடுப்பது பிக்ஸலை. உங்கள் 24 மெகாபிக்ஸல் கேமராவில் 6000க்கு 4000. அந்த 72 ஃபைலின் ஓரத்தில் ஒட்டிய சீட்டு மாதிரி ஒரு எண், அவ்வளவுதான். ஒரே கரண்டி மாவைக் குறுக்கி ஊற்றினால் ஊத்தப்பம், விரித்துத் தேய்த்தால் பேப்பர் ரோஸ்ட். மாவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. உங்கள் படத்தை 20 அங்குல அகலத்தில் அச்சடித்தால் அது 300 டிபிஐ. 36 அங்குலத்துக்கு விரித்தால் சுமார் 167. பன்னிரண்டுக்கு முப்பத்தாறு ஆல்பத்தில் ஒரே படத்தை முழு விரிப்புக்கும் போட்டாலும், மடியில் வைத்துப் பார்க்கும் மாமியாருக்குக் குறை தெரியாது.

ஒரு தடவை ஒரு லேப்பில் என் படத்தை ‘72தான் இருக்கு, பிரிண்ட் உடையும் சார்’ என்று திருப்பி அனுப்பினார்கள். போட்டோஷாப்பில் இமேஜ் சைஸ் திறந்து, பிக்ஸல் எண்ணிக்கையை மாற்றும் ‘ரீசாம்பிள்’ டிக்கை எடுத்துவிட்டு, 72ஐ 300 என்று அடித்து அதே படத்தை அனுப்பினேன். ஒரு பிக்ஸல்கூட மாறவில்லை. ‘இப்பதான் சார் ஷார்ப்பா இருக்கு’ என்று போன் வந்தது. தகராறு செய்ய நேரம் இல்லாதவர்கள் இதையே செய்யுங்கள்.

ஆனால் அந்த டிக்கை எடுக்க மறந்தீர்களோ, 6000 பிக்ஸல் 25000 ஆகிவிடும். 24 மெகாபிக்ஸல் 400ஐத் தாண்டும், லேயர் ஒன்றுக்கே ஒரு ஜிபிக்கு மேல் ஆகும், கம்ப்யூட்டர் மூச்சு வாங்கும். அப்புறம் ‘போட்டோஷாப் மெதுவாக ஓடுகிறது’ என்று எனக்கே எழுதுவீர்கள். இதற்கு நேர் எதிராக, வாட்ஸாப்பில் சுருங்கி வந்த படத்துக்கு 300 என்று சீட்டு ஒட்டிவிட்டுப் பெரிய பிரிண்ட் கேட்பவர்களும் உண்டு. இல்லாத மாவுக்கு எங்கே போவது? வாட்ஸாப்பில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். லேப்காரரிடம் கேட்க வேண்டியது டிபிஐ அல்ல: எத்தனை அங்குலம், கலர் புரொஃபைல் எஸ்ஆர்ஜிபியா வேறா, ஓரத்தில் எவ்வளவு வெட்டுப்படும்?

கே: ஸ்க்ரீனில் பளிச்சென்று இருக்கும் படம் பிரிண்டில் இருட்டாக வருகிறது. (வேலூர் வாசகர்)

மானிட்டர் பிரைட்னஸை முழுக்க ஏற்றி வைத்திருக்கிறீர்கள். பாதிக்கும் கீழே இறக்குங்கள். வந்த பிரிண்ட் ஒன்றை நல்ல வெளிச்சத்தில் மானிட்டர் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஒன்றாகத் தெரியும் வரை குறையுங்கள். காசு இருந்தால், திரையின் நிறத்தை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேட்டர் வாங்கி 6500 கெல்வின், காமா 2.2, பிரைட்னஸ் 100 முதல் 120 நிட் என்று வையுங்கள். கல்யாண ஆல்பம் செய்கிறவர் லேப்டாப் ஸ்க்ரீனை நம்பிக் கலர் திருத்துவது எனக்கு ஒப்பாது. மூடியைக் கொஞ்சம் சாய்த்தாலே கூறைப்புடவையின் அரக்கு சிவப்பாகிவிடும் லேப்டாப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

கே: இரண்டு டிரைவை ரெய்டு 1-இல் போட்டிருக்கிறேன். இனி தனியாக பேக்கப் தேவையில்லைதானே? (கோவை வாசகர்)

தேவை. ரெய்டு 1 இரண்டு டிரைவிலும் ஒன்றையே எழுதுகிறது. ஒரு டிரைவ் செத்தால் அது காப்பாற்றும். நீங்கள் தவறி டிலீட் செய்தால் இரண்டிலும் சேர்ந்தே போகும். வைரஸ் வந்தாலும் அப்படியே. மூன்றாவது காப்பி வேறு வீட்டில் இருக்கட்டும்.

கே: புது கேமராவின் ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப்படம்) போட்டோஷாப் சிஎஸ்6-இல் திறக்கவில்லை. கேமராவில் கோளாறா? (மதுரை வாசகர்)

கோளாறு இல்லை. சிஎஸ்6 வந்தது 2012இல்; அதன் பிறகு பிறந்த கேமராவை அதற்கு எப்படித் தெரியும்? ரா ஃபைலை டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றும் அடோபியின் டிஎன்ஜி கன்வெர்ட்டர் இலவசம். அதன் பிரிஃபரன்ஸில், போட்டோஷாப்புக்குள் ரா ஃபைலைத் திறக்கும் ‘கேமரா ரா’வின் பழைய பதிப்புக்கு ஒத்துப்போகும்படி வைத்து மாற்றுங்கள், திறக்கும். மாற்றியதும் மூல ரா ஃபைலை அழித்துவிடாதீர்கள். இரண்டு டிரைவில் காப்பி, மறக்க வேண்டாம். அந்த சிஎஸ்6 எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்கப்போவதில்லை.