அவனுக்கு 23,000, எனக்கு 18,400: கேட்கலாமா அண்ணாச்சி?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 28 வயசு. வீடு தாழையூத்தில். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் நாலே முக்கால் வருஷமாக வேலை பார்க்கிறேன், நிரந்தரப் பணிதான். பிடித்தம் போகக் கைக்கு 18,400 ரூபாய் வருகிறது. ஆறு மாசத்துக்கு முன்னால் ஒரு தம்பி வந்து சேர்ந்தான். அதே மேசை, அதே வேலை. வேலை பழக்கிக் கொடுத்ததே நான்தான். போன வாரம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது பேச்சுவாக்கில், "எனக்கு 23,000 போட்டிருக்காங்கக்கா" என்றான். அன்றைக்கு ராத்திரி பூரா எனக்குத் தூக்கம் இல்லை. சம்பளத்தைப் பற்றி யாரிடமும் பேசக்கூடாது என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். கூட இருக்கிறவர்களிடம் என் சம்பளத்தைச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமா? மேலிடத்தில் போய்க் கேட்கலாமா?

பதில்: சொல்லலாம் தங்கச்சி. கேட்கவும் வேண்டும். ஆனால் அந்த 23,000 எந்த 23,000 என்று தெரிந்துகொள்ளாமல் எச்ஆர் அறைக்குள் போய்விடாதீங்க.

நீங்கள் சொன்னது கைக்கு வரும் தொகை. புதிதாகச் சேர்கிற பையன்கள் பெரும்பாலும் சொல்வது வேலை உத்தரவில் போட்டிருக்கும் சிடிசி, அதாவது அவனுக்காகக் கம்பெனி செலவழிக்கும் மொத்தம். இரண்டும் வேறு. ஒரு பேச்சுக்கு அவனுடைய அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி தன் பங்காகக் கட்டும் பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி, 12 சதவீதம், 1,440 ரூபாய். வேலையை விட்டுப் போகும்போது தருகிற கிராஜுவிட்டிக்கு (பணிக்கொடை) என்று 4.81 சதவீதம் எழுதுவார்கள், அது 577. இரண்டும் அந்த 23,000-க்குள்ளேயே இருந்தால் மிச்சம் 20,983. அதில் அவன் பங்கு பிஎஃப் இன்னொரு 1,440 போனால் 19,543. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான ஈஎஸ்ஐயில் கம்பெனி பங்கு 3.25 சதவீதம், அவன் பங்கு 0.75 சதவீதம், அதையும் கழித்தால் 19,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்கள் தூக்கத்தைக் கெடுத்த 4,600 ரூபாய் வித்தியாசம் சில நூறு ரூபாயாகச் சுருங்கிவிடுகிறது.

அப்படியென்றால் பேசாமல் இருந்துவிடலாமா? கூடாது. ஆறு மாசம் ஆனவனும் நாலே முக்கால் வருஷம் ஆனவரும் ஒரே இடத்தில் நிற்கிறீர்கள் என்றால், அதுவே கேட்க வேண்டிய விஷயம்தான். புது ஆளைச் சந்தை விலை கொடுத்து எடுக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு வருஷா வருஷம் சதவீதக் கணக்கில் கொஞ்சம் கூட்டுகிறார்கள். சந்தை விலை வேகமாக ஏறும்போது பழைய ஆள் பின்தங்கிப் போகிறார். இது உங்கள் வேலையில் இருக்கிற குறை இல்லை. தயவுசெய்து அப்படி நினைத்து மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள்.

நம்ம ஊரில் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் போதும், பக்கத்து இலை மாமா "கைக்கு எவ்வளவும்மா வருது?" என்று கேட்டுவிடுவார். நாமும் ஒன்றிரண்டு கூட்டிச் சொல்வோம். ஆனால் எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்று வேலை பார்க்கிறவரிடம் வாயைத் திறக்க மாட்டோம். முக்கூடல் பக்கமோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றும் பெண்களிடம் போய்க் கேளுங்கள். ஆயிரத்துக்கு என்ன கூலி என்று தெருவுக்கே தெரியும். கடைக்காரர் இலையைக் குறைத்துக் கொடுத்தாலோ, சுற்றிக் கொடுத்ததில் கூடுதலாகக் கழித்தாலோ ஒருத்தி சொல்ல மற்றவள் கேட்டுச் சேர்ந்து போய் நிற்பார்கள். கூலி வெளிச்சத்தில் இருப்பதால்தான் அந்தப் பேச்சு நடக்கிறது. அரசு ஊழியர் சம்பளமும் அப்படித்தான், ஊதிய அட்டவணையை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். தனியார் கம்பெனிக்குள் மட்டும்தான் சம்பளம் ரகசியம். அந்த ரகசியத்தால் லாபம் யாருக்கு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? தன் சம்பளத்தைச் சக ஊழியரிடம் சொல்வது குற்றம் என்று நம் நாட்டில் சட்டம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1935-ஆம் வருஷத்துத் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி, பெரும்பாலான தனியார் ஊழியர்கள் சம்பளம் பற்றித் தங்களுக்குள் பேசுவதை முதலாளி தடுக்க முடியாது. அப்படி நேரடியான பாதுகாப்பு நமக்கு இல்லை. அதனால் உங்கள் வேலை உத்தரவை எடுத்து, ரகசியக் காப்பு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வரி விடாமல் படியுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னது வேறு, நீங்கள் கையெழுத்துப் போட்டது வேறு. எழுத்தில் இருந்தால் அலுவலகத்துக்குள் பேசாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் மூச்சே விடக்கூடாது.

ஆனால் உங்களுக்கு இன்னொரு பிடி இருக்கிறது. நீங்கள் பெண், அவன் ஆண், வேலை ஒன்று. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம் பெண்ணுக்கு ஒரு சம்பளம் கூடாது என்று 1976-லேயே சம ஊதியச் சட்டம் வந்துவிட்டது. இப்போது அது 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்து, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆட்ரி டி கோஸ்டா என்ற பெண் சுருக்கெழுத்தர், ஆண் சுருக்கெழுத்தர்களைவிடத் தனக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று வழக்குப் போட்டு 1987-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். கம்பெனிக்குக் கொடுக்க வசதியில்லை என்ற காரணம் அங்கே எடுபடவில்லை. அந்த ஆண்களுக்கு என்ன சம்பளம் என்றே தெரியாமல் இருந்திருந்தால் அவர் எந்த வழக்கைப் போட்டிருப்பார்?

முதல் நாளே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லவில்லை. முதலில் அந்தத் தம்பியிடம் தனியாகப் பேசுங்கள். உங்கள் சம்பளச் சீட்டை நீங்கள் முதலில் காட்டுங்கள்; அப்புறம் கேட்டால் அவனுக்கும் கூச்சம் இருக்காது. அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, இரவு ஷிப்ட் படி, ஓவர்டைம், பிஎஃப், ஈஎஸ்ஐ, கேன்டீன், பஸ் பிடித்தம் என்று வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அவன் மாசத்துக்குப் பத்து நாள் இரவு ஷிப்ட் பார்த்து நீங்கள் பார்க்காமல் இருந்தால் அந்தப் பணத்தை ஒதுக்கிவிட்டுத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். இந்த வேலையை உட்கார்ந்து செய்யுங்கள், சீட்டைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள். அதில் வங்கிக் கணக்கு எண், யுஏஎன் என்கிற பிஎஃப் எண், பான் எல்லாம் இருக்கும்.

யாரிடம் பேசுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சம்பளம் தெரிந்தால் கைமாத்து கேட்கிறவர்களும், கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்கிறவர்களும் வருவார்கள். அதே வேலை பார்க்கிற, நீங்கள் நம்புகிற இரண்டு மூன்று பேர் போதும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். இருபத்தைந்து வயசில் பாளையங்கோட்டையில் ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தேன். கூட இருந்த நண்பருக்கு என்னைவிடக் கூட என்று தெரிந்ததும் நேரே மேலாளரிடம் போய் அவர் பெயரைச் சொல்லியே கத்தினேன். எனக்கு ஒரு ரூபாய் கூடவில்லை. சம்பளத்தை வெளியே சொன்னார் என்று அவரைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் ஏசினார்கள். அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. அந்தத் தம்பி உங்களை நம்பிச் சொன்னது அவனுக்கு வினையாகிவிடக் கூடாது.

ஆகவே மேலே போகும்போது அவன் பெயரும் வேண்டாம், அவன் தொகையும் வேண்டாம். ஊதிய உயர்வுப் பட்டியல் தயாராவதற்கு ஒரு மாசம் முன்னால் நேரம் கேட்டு வாங்குங்கள். "நாலே முக்கால் வருஷமாக இந்தப் பிரிவில் இருக்கிறேன் சார். புதிதாக வருபவர்களுக்கு நான்தான் வேலை பழக்குகிறேன். இந்த வேலைக்கு இப்போது வெளியே என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்தேன். என் அடிப்படைச் சம்பளத்தை இவ்வளவாக மாற்றித் தர வேண்டும்" என்று தொகையைச் சொல்லியே கேளுங்கள். அதே சிப்காட்டில் மற்றத் தொழிற்சாலைகள் இதே வேலைக்கு என்ன கொடுக்கின்றன என்று முன்கூட்டியே இரண்டு மூன்று இடத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் அதையே நாலு வரியில் மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். பின்னால் தொழிலாளர் துறைக்குப் போக வேண்டி வந்தால் அந்த மின்னஞ்சல் கையில் இருக்க வேண்டும்.

படியை விட அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டச் சொல்லுங்கள். பிஎஃபும் கிராஜுவிட்டியும் அதை வைத்துத்தான் ஏறும். ஈஎஸ்ஐ கணக்கில் வரும் சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈஎஸ்ஐ நின்றுவிடும். உங்களை நம்பி அப்பா அம்மா இருந்தால், தாண்டுவதற்கு முன்னால் அவர்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள்.

கோபத்தில் இந்த மாசமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கிராஜுவிட்டிக்கு வேண்டிய ஐந்து வருஷத்துக்கு இன்னும் மூன்று மாசம்தான் பாக்கி. உங்கள் அடிப்படைச் சம்பளம் 11,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, வருஷத்துக்கு 15 நாள் கணக்கில் ஐந்து வருஷத்துக்குக் கிராஜுவிட்டி 31,730 ரூபாய் வரும். வேறு இடத்தில் உத்தரவு கிடைத்தாலும் சேரும் தேதியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.