மேனேஜர் சுழித்த இரண்டு வரிகள்

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவராக) சேர்ந்திருக்கிறேன், துணி வாங்கும் பையருக்கு எழுதிய 'வீ ஹேவ் சென்ட் த சாம்பிள் யெஸ்டர்டே', 'த ஃபேப்ரிக் ஹேஸ் ஷ்ரேங்க்' இரண்டையும் மேனேஜர் சுழித்துவிட்டார், ஏனென்று புரியவில்லை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் வேறு வேறு தவறுங்க.

துணி சுருங்கிய வரி எளிது. ஹேவ், ஹேஸ், ஹேட்டை ஒட்டி வினை வந்தால் அதன் மூன்றாவது வடிவம்தான்: ஷ்ரிங்க், ஷ்ரேங்க், ஷ்ரங்க். ஆக, 'ஹேஸ் ஷ்ரங்க்'.

சாம்பிள் வரியில் சென்ட் சரிதான், யெஸ்டர்டேதான் இடிக்கிறது. 'நேற்றே அனுப்பியிருக்கிறோமே' என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம் இல்லையா, அந்தப் பழக்கம் அப்படியே மெயிலுக்குள் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன நேரத்தைச் சொன்னால் ஹேவ் கூடாது: 'வீ சென்ட் த சாம்பிள் யெஸ்டர்டே'. நேரத்தை விட்டால் 'வீ ஹேவ் சென்ட் த சாம்பிள்'. இந்த வினைக்கு (send, sent, sent) இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றே என்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது.

அப்புறம், சாயம் போட்ட துணி 'டைடு ஃபேப்ரிக்'. அந்த 'போட்ட'வின் வேலையை மூன்றாவது வடிவமே செய்கிறது. 'டை ஃபேப்ரிக்' என்று எழுதிவிடாதீர்கள்.

வினைப் பட்டியல் முழுவதையும் இப்போது மனப்பாடம் செய்ய வேண்டாம். நீங்கள் அனுப்பிய பழைய மெயில்களில் ஹேவ் என்று தேடி, அதை ஒட்டி வரும் வினையை மட்டும் இன்று சரிபாருங்கள்.