தலையைக் கழுவ முன்னர் பார்த்திருக்க வேண்டும்
(அழகு கேள்வி – பதில்)

கேள்வி: அக்கா, எனக்குச் சுருட்டை முடி. இடுப்புக்குச் சற்று மேலே வரை இருந்தது. சின்ன வயதிலிருந்து ஒரே பார்லரில்தான் நுனி வெட்டுவேன். அந்த அக்கா மகளோடு இருக்கக் கனடா போய்விட்டார். அதனால் டவுனில் புதிதாகத் திறந்த ஒரு சலூனுக்குப் போனேன். ஏசி, பெரிய கண்ணாடி, சுழல் கதிரை, எல்லாம் நல்ல வடிவு. போன உடனேயே தலையைக் கழுவக் கூட்டிக்கொண்டு போனார்கள். "இரண்டு இஞ்ச் மட்டும்" என்று சொன்னேன். வெட்டிய பிள்ளை பக்கத்துக் கதிரைப் பிள்ளையோடு கதைத்தபடியே வெட்டினார். கடைசியில் ட்ரையர் பிடித்து நேராக்கி விட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

அடுத்த நாள் முழுகிக் காய்ந்ததும் முடி முதுகின் நடுவுக்கு ஏறிவிட்டது. இடப்பக்கம் இன்னும் மேலே, தோளோடு நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் "ரீச்சர், சுகமில்லையா?" என்று கேட்கிறார்கள். பலகையில் 1,500 ரூபா என்று இருந்தது, பில்லில் 5,200. நான் கேட்காத 'ட்ரீட்மென்ட்' ஒன்றும் அதில் இருக்கிறது. போன் பண்ணிச் சொன்னால், "வாங்கோ, பாதி விலைக்கு ரீபாண்டிங் செய்து, முடியை மருந்தால் நேராக்கிச் சரிப்படுத்தித் தாறம்" என்கிறார்கள். நரைக்குக் கறுப்பு ஹென்னா பக்கெட் பூசுகிறனான். ஆவணியில் தம்பிக்குக் கலியாணம். திரும்பிப் போகலாமா?
– ஆசிரியை, உவர்மலை, திருகோணமலை

பதில்: போங்கள். ஆனால் ரீபாண்டிங் செய்யப் போகாதீர்கள்.

தங்கச்சி, கத்திரிக்கோல் எடுக்க முதலே இந்த வேலை பிழைத்துவிட்டது. நனைந்த சுருட்டை முடி தன் பாரத்திலேயே இழுபட்டு நீளமாய்த் தொங்கும், காய்ந்ததும் மேலே ஏறும். எவ்வளவு ஏறும் என்பது ஒரே தலையிலேயே இடத்துக்கு இடம் மாறும். பிடரியில் தளர்ந்த அலை, காதுக்குப் பக்கத்தில் இறுக்கமான சுருள் என்று இருப்பவர்கள் நிறையப் பேர். ஈரத்தில் நேர்கோடாய் வெட்டினால் காய்ந்த பிறகு அந்தக் கோடு கோடாய் இருக்காது. உங்கள் இடப்பக்கத்துக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். மிச்சத்துக்குப் பக்கத்துக் கதிரைக் கதையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் பார்லர் வைத்திருந்த காலத்தில், புதிதாக ஒருவர் வந்து இருந்தால் உடனே கிளிப்பைக் கழற்றச் சொல்லமாட்டேன். எப்படிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று முதலில் பார்ப்பேன். பின்னலா, கொண்டையா, அள்ளி முடிந்ததா? நீங்கள் சேலை கட்டிப் பின்னலோடு பள்ளிக்கூடம் போகிறவர் என்றால் அந்தப் பின்னலின் நுனி எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் உங்கள் நீளம், இஞ்ச் கணக்கு அல்ல. பிறகு அவிழ்த்து, காய்ந்தபடியே விரலால் கோதி, எந்தப் பக்கம் இறுக்கம், எங்கே அடர்த்தி, உச்சிச் சுழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்றெல்லாம் பார்த்த பிறகுதான் தண்ணீர். அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்தச் சலூனும் பில் எழுதுவதில்லை. அதனாலோ என்னவோ, இப்போது பலர் அதைச் செய்வதும் இல்லை.

"நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டேனே என்று கூச்சப்பட வேண்டாம். ட்ரையர் சூட்டில் நேராக்கிய முடி ஈரம் படும்வரைதான் நேர். காய்ந்த கச்சான் காற்றில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கடல் ஈரம் பட்டால் டச் பே பக்கம் ஒரு நடை போய் வருவதற்குள் நெளியத் தொடங்கிவிடும். உங்கள் சொந்த முடியை நீங்களே அடுத்த நாள்தான் பார்த்தீர்கள்.

சரி, எப்படிப் போவது? சனிக்கிழமை வேண்டாம், முகூர்த்த நாளுக்கு முதல் நாளும் வேண்டாம். லீவு நாள் ஒன்றில், கடை திறந்த கையோடு போங்கள். முழுகி, எண்ணெய் வைக்காமல், சுருளைச் சுருளாகவே காயவிட்டுப் போங்கள். முதலாளியைக் கேளுங்கள். சத்தம் போடத் தேவையில்லை. இரண்டு பக்கத்தையும் முன்னால் எடுத்துப் போட்டு, "இதைக் காய்ந்தபடியே, வேறொருவர், காசில்லாமல் சமப்படுத்தித் தாருங்கள்" என்று சொன்னால் போதும். முழுவதையும் தோள் மட்டத்துக்கு வெட்டிச் சமப்படுத்தச் சம்மதிக்க வேண்டாம். வலப்பக்கத்தில் இருந்து கொஞ்சம் எடுத்து, இடையில் லேயர் விட்டு, பார்வைக்குப் பிழை தெரியாமல் ஆக்கினால் போதும். மிச்சத்தை வளர்ச்சி பார்த்துக்கொள்ளும். தலைமுடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வளரும்.

இனி அந்தப் பாதி விலை ரீபாண்டிங். அந்த மருந்து முடிக்குள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைக்கும். பிறகு சூடான தட்டால் இழுத்து நேராக்கி, இரண்டாவது மருந்தால் பிணைப்பைத் திரும்பப் பூட்டுவார்கள். அந்த இரண்டாவது மருந்தில் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைட் இருக்கும். உங்கள் பக்கெட்டுக்கு இப்போது வருவோம். மருதாணி இலை தனியே செம்பட்டை நிறம்தான் தரும். கறுக்க வைப்பது அதில் கலந்திருக்கும் பிபிடி போன்ற சாயம், சில பக்கெட்டுகளில் உலோக உப்பு. உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைட் பட்டால் சூடேறி, முடி நடுவில் அறுந்துபோகலாம். பக்கெட் பூசுகிறீர்களா என்று போனில் அவர்கள் கேட்கவே இல்லை, கவனித்தீர்களா? எனக்கு அந்தக் கடை பற்றி வெட்டைவிட இதுதான் அதிகம் சொல்கிறது. அதோடு, ஏற்ற இறக்கமாய் வெட்டிய தலையை நேராக்கினால் சுருளுக்குள் ஒளிந்திருக்கும் பிழையெல்லாம் ஈர்க்குக் கட்டு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஆவணிக்குள் உச்சியில் சுருளும் கீழே கம்பியுமாக இருக்கும்.

பில் வேறு விஷயம். வெட்டு பிடிக்கவில்லை என்பது ரசனைச் சண்டையாகப் போய்விடலாம், கேட்காத ட்ரீட்மென்டுக்குக் காசு எடுத்தது அப்படி அல்ல. பற்றுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் பொருளுக்கு மட்டும் உரியதல்ல, சேவைக்கும் பொருந்தும். சேவையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. முறைப்பாடு செய்வதென்றால் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், தொலைபேசி இலக்கம் 1977. ஆனாலும் நம்மூரில் புதுக் கடை போட்டவருக்கு 1977ஐவிட, வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் ரீச்சர்மார் கூடி நின்று என்ன கதைப்பார்கள் என்பதில்தான் பயம் அதிகம். முதலாளி காசைத் திருப்பித் தருவார் என்றே நினைக்கிறேன்.

கலியாணத்துக்குக் கவலை வேண்டாம். சவரி வைத்துப் பின்னி, இடப்பக்கத்துக் குட்டை முடியை உள்ளே மடித்துக் கொண்டையூசி குத்தினால், பூவுக்கு மேலே ஒருவரும் ஆராயமாட்டார்கள். மணமகளுக்கு அலங்காரம் செய்ய வருகிறவரிடமே உங்களுக்கும் நேரம் கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் புதிதாக வந்த சலூனில் தாடி வழிக்கும்போது கத்தியில் பழைய பிளேட் இருந்த மாதிரித் தெரிந்தது. கேட்டால் கோபிப்பாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். கேட்கலாமா?
– வாசகர், மூதூர்

பதில்: கட்டாயம் கேட்க வேண்டும், தம்பி. புது பிளேடைப் பாதியாய் முறித்துக் கத்தியில் செருகுவதை உங்கள் கண்முன்னால் செய்யச் சொல்லுங்கள். ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டும் இரத்தத்தால் தொற்றும், கண்ணுக்குத் தெரியாத கீறலே போதும். டெற்றோல் தண்ணீரில் முக்கி எடுத்தால் பழைய பிளேட் புதிதாகிவிடாது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம் என்றால் போகிற வழியில் ஒரு பிளேட் பக்கெட் வாங்கிக்கொண்டு போய் அவர் மேசையில் வையுங்கள். பழைய ஆட்கள் அப்படித்தான் செய்வார்கள், யாரும் கோபித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.