வாய் பிளக்க ஐந்து இடங்கள்

கேள்வி: வெளிநாடுகளில் யாருக்குமே தெரியாத, விசித்திரமான ஐந்து இடங்களைச் சொல்லுங்கள். நான் போகிறேனோ இல்லையோ, நண்பர்களிடம் சொன்னால் வாய் பிளக்க வேண்டும்.
– ஒரு வாசகர், செல்லூர், மதுரை.

பதில்: போகப்போவதில்லை, சொல்லிக்கொள்ளத்தான் என்று ஒப்புக்கொண்டீர்களே, அந்த நேர்மைக்காகவே பதில். ஆனால் ஐந்தெல்லாம் கிடையாது, இரண்டுதான்.

துருக்கியில் டெரின்குயு. 1963-ல் ஒருவர் வீட்டைச் சீர்படுத்தச் சுவரை இடித்தார். பின்னால் ஓர் அறை, அதிலிருந்து ஒரு வழி. போகப் போக, பூமிக்கடியில் ஓர் ஊரே இருந்தது. ஆழம் சுமார் 85 மீட்டர். 20,000 பேர் வரை தங்கியிருக்கலாம் என்கிறார்கள். தொழுவம், சமையலறை, காற்று இறங்கத் துளை எல்லாம் உண்டு. எனக்குப் பிடித்தது கதவுதான். பாட்டி வீட்டுத் திரிகைக் கல்லை இடுப்புக்கு மேல் உயரமாக நிமிர்த்தி வைத்தது போல ஒரு வட்டக் கல். எதிரி வந்தால் உள்ளிருந்து உருட்டி வழியை அடைத்துவிடுவார்கள். வெளியே நிற்பவன் தள்ளிப் பயனில்லை.

அடுத்தது ஆஸ்திரேலியாவின் கூபர் பீடி. 1915-ல் ஓப்பல் என்ற ரத்தினக் கல் கிடைத்த ஊர். அங்கே அடிக்கிற வெயில் தாங்காமல், தோண்டிய பூமிக்குள்ளேயே வீடு, சர்ச் என்று குடியேறிவிட்டார்கள். புல் முளைக்காத மைதானத்தில் ராத்திரி ஒளிரும் பந்தை வைத்து கோல்ஃப் வேறு!

ஆனால் ‘யாருக்குமே தெரியாத’ என்றீர்களே, டெரின்குயுவில் டிக்கெட் கொடுத்துத்தான் உள்ளே விடுகிறார்கள். ஆள் அரவமில்லாத இடம் வேண்டுமென்றால் மேலூர்ப் பக்கம் மாங்குளம் மலைக்குப் போங்கள். பாறைக்குள் வாழ்ந்தவர்கள் அங்கேயும் உண்டு, சமணத் துறவிகள். படுக்கச் சமமாகச் செதுக்கிய கல், தலைமாட்டில் மட்டும் லேசாக உயர்ந்திருக்கும், அதுதான் தலையணை. குகை வாய்க்கு மேலே அண்ணாந்து பாருங்கள். பாறையில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும். மேலிருந்து வழியும் மழைநீர் உள்ளே வராமல் அந்த விளிம்பிலேயே சொட்டிவிடும். 2,000 வருடங்களுக்கு முந்தைய வேலை! அங்கேயுள்ள தமிழி (பழந்தமிழ் எழுத்து) கல்வெட்டில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. 1882-லேயே கண்ணில் பட்ட எழுத்து. அந்தப் பெயரைக் கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்துச் சொன்னது 1965-ல்.

பக்கத்திலேயே அரிட்டாபட்டி. தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், அறிவித்தது 2022-ல். அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும் ஊரே திரண்டு மறித்தது. 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். அப்போது டிவியில் பார்த்திருப்பீர்கள், நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள்.

விசா வேண்டாம். காலை 7 மணிக்குள் ஏறிவிடுங்கள், அப்புறம் பாறை காலைப் பொசுக்கும். தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள். நண்பர்களையும் கூட்டிப்போங்கள். யாராவது பெயின்ட் டப்பா எடுத்து வந்தால், அவரை மட்டும் அடிவாரத்திலேயே விட்டுவிடுங்கள்.