அடைத்த கூரைக்குத்தான் சோதனை

(மோட்டார் யாட்கள் எனப்படும் சொகுசுப் படகுகளின் திறந்து மூடும் கூரைகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு, இத்துறை வடிவமைப்பாளர் பதிலளிக்கிறார்.)

கேள்வி: நான் கப்பல் கட்டுமானத்தில் இறுதியாண்டு மாணவி. 16 மீட்டர் மோட்டார் யாட்டுக்கு, 3 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில், பின்னோக்கிச் சறுக்கித் திறக்கும் கண்ணாடிக் கூரை வரைந்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் அழகாக நகர்கிறது. கடலில் சிக்கிக்கொள்ளும் என்கிறார் பேராசிரியர். ஏன்?

அவர் சொல்வது சரி. கம்ப்யூட்டரில் உங்கள் இரண்டு தண்டவாளங்களும் எப்போதும் இணையாகவே இருக்கும். கடலில் அப்படி இராது. அலை சாய்வாக வந்து அணியத்தின், அதாவது படகின் முன்பகுதியின், ஒரு பக்கத்தைத் தூக்கினால் படகின் உடல் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கைத் தாங்க வேண்டிய மேல்பகுதியில்தான் நீங்கள் ஏழரை சதுர மீட்டருக்குத் திறப்பு விட்டிருக்கிறீர்கள். அதனால் மூடியை ஒதுக்கிவைத்துவிட்டு, திறப்பைச் சுற்றி ஓடும் சட்டத்தை முதலில் வரையுங்கள். அதன் நான்கு மூலைகளும் வளைவாக இருக்கட்டும். கூரான மூலையில் தகைவு (பொருளுக்குள் எழும் இழுவிசை, அழுத்தம்) குவியும், விரிசல் அங்கேதான் தொடங்கும். யார் வரைபடம் கொண்டுவந்தாலும் என் கண் முதலில் போவது அந்த மூலைகளுக்குத்தான்.

அடுத்து, இரண்டு தண்டவாளங்களுக்கும் ஒரே வேலையைக் கொடுக்காதீர்கள். ஒன்று கூரையைப் பக்கவாட்டில் பிடித்து நடத்தட்டும். மற்றது எடையை மட்டும் தாங்கி, பக்கவாட்டில் சில மில்லிமீட்டர் நகர இடம் விடட்டும். மோட்டாரும் அப்படித்தான்: பக்கத்துக்கு ஒன்று வைத்தால் ஒன்று முந்தும், மற்றது பிந்தும். அகலமான மேசை இழுப்பறையை ஒரு ஓரமாகப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்குமே, அதே கதைதான். ஒரே மோட்டார் ஒரு குறுக்குத் தண்டின் மூலம் இரு பக்கப் பல்பட்டைகளையும் (பற்கள் கொண்ட பெல்ட்) சேர்த்து இழுப்பது நல்லது. முன் உருளைக்கும் பின் உருளைக்கும் உள்ள தூரத்தை முடிந்தவரை நீட்டுங்கள்.

காற்றை மறந்துவிடாதீர்கள். 30 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அளவு) வேகத்தில் ஓடும் படகுக்கு எதிரே 20 நாட் காற்று அடித்தால், கூரைக்கு அது 50 நாட் காற்று. அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிலோ. கூரையின் வளைவைப் பொறுத்துக் கூடும், குறையும். ஆனால் பெரும்பாலும் அது மேல்நோக்கிய உறிஞ்சல். உங்கள் அளவுக்கு 300 கிலோவை நெருங்கும். 10 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 25 கிலோ, மொத்தம் 188 கிலோதான். அதாவது கூரை தன் எடையால் கீழே உட்கார்ந்திருக்கும் என்று நம்ப முடியாது. உருளைகள் மேலே எழும்ப முடியாதபடி சேனலுக்குள் அடைபட்டிருக்க வேண்டும். மூடியபின் தனிப் பூட்டுகள் அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

அந்த 188 கிலோவை நிலைத்தன்மைக் கணக்கிலும் ஏற்றுங்கள். 25 டன் படகின் ஈர்ப்பு மையத்துக்கு 4 மீட்டர் மேலே அது ஏறினால் மையம் 3 சென்டிமீட்டர் உயரும்; மையம் உயர உயரப் படகின் நிலைத்தன்மை குறையும். இது கண்ணாடி மட்டும். சட்டமும் மோட்டாரும் தண்டவாளமும் இன்னும் சேரவில்லை.

கண்ணாடியை அலுமினியச் சட்டத்தில் ஒட்டுவதானால் இன்னொன்று: வெப்பநிலை 40 டிகிரி ஏறினால் 3 மீட்டர் அலுமினியம் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல்தான். நெகிழும் பசையைத் தடிப்பாக வையுங்கள்.

கேள்வி: என் படகின் கூரைக்குப் புது ரப்பர் போட்டும் மழையில் ஒழுகுகிறது. இன்னும் தடித்த ரப்பர் போடலாமா?

வேண்டாம். தடித்த ரப்பரை அழுத்த மோட்டார் திணறும், ரப்பரும் சீக்கிரம் அமுங்கிப் படிந்துவிடும். முதலில் எங்கே பிடிக்கவில்லை என்று பாருங்கள். ரப்பர் வந்து உட்காரும் விளிம்பு முழுக்கச் சாக்கட்டியைத் தேய்த்து, கூரையை மூடித் திறங்கள். ரப்பரில் வெள்ளைக் கோடு அறுந்திருக்கும் இடம்தான் ஒழுகும் இடம். பெரும்பாலும் மூலையாகவோ, ரப்பரின் இரு முனைகளும் சேரும் ஒட்டாகவோ இருக்கும்.

அதற்கும் மேல், ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் தண்ணீர் வரத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு வடிவமைப்பதே சரியானது என்பது என் உறுதியான கருத்து. ரப்பருக்கு உள்பக்கம் ஒரு வாய்க்கால் ஓட வேண்டும். அதன் நான்கு மூலைகளிலும் வடிகுழாய் வேண்டும், இரண்டு போதாது. வேகமெடுக்கும்போது அணியம் உயர்ந்து தண்ணீர் பின்னே ஓடும். வேகத்தைக் குறைத்தால் முன்னே வரும். துறையில் கட்டிக் கிடக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்த மூலையில் தேங்கும். உங்கள் படகில் எத்தனை வடிகுழாய் என்று எண்ணி, ஒவ்வொன்றிலும் ஒரு குவளை நல்ல தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். உப்புப் படிந்து ஒன்று அடைத்திருந்தால்கூட ரப்பர் மீது பழி விழும்.

கேள்வி: கூரை பாதி திறந்த நிலையில் மின்சாரம் போய்விட்டால்?

கையால் சுற்றி மூட வழி இல்லாத கூரையை நான் ஏற்கவே மாட்டேன். கைப்பிடி உள்ளிருந்தே எட்ட வேண்டும்; ஆடும் படகின் கூரைமேல் யாரையும் ஏறச்சொல்லக் கூடாது. மின்சாரம் இல்லாதபோது கூரை தானாக நகரவும் கூடாது. படகு 20 டிகிரி சாய்ந்தால் கூரை எடையில் மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளும், முன்பின் ஆட்டமும் அதுபோலவே. வெளியிலிருந்து தள்ளினால் சுழலாத புழுப்பல்சக்கரம், அல்லது மின்சாரம் போனதும் தானே பிடிக்கும் பிரேக், இரண்டில் ஒன்று கட்டாயம்.

கேள்வி: கார்பன் ஃபைபரில் செய்தால் எடைத் தொல்லையே தீர்ந்துவிடுமே?

எடை நன்றாகக் குறையும். ஆனால் கார்பன் மின்சாரம் கடத்தும் பொருள். அதன் அடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்தால் சிக்னல் மறைபடும். கண்ணாடி இழைக் (ஃபைபர்கிளாஸ்) கூரையில் அந்தப் பிரச்சினை இல்லை. அலுமினியத் தண்டவாளத்தைக் கார்பன்மீது நேராகத் திருகினால், உப்புநீர் பட்டதும் அலுமினியம் அரித்துப் பொடியும். இடையில் ஒரு அடுக்குக் கண்ணாடி இழை வைத்து, திருகுகளுக்கும் காப்பு உறை போட்ட பிறகே பொருத்துங்கள்.