எட்டு நிமிடப் படம், ஒரு ஐபேட், அப்பாவின் ஆர்மோனியம்

கேள்வி: சிங்கப்பூரில் தெம்பனிஸில் வசிக்கிறேன். நண்பர்களுடன் சேர்ந்து எட்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறோம். கொண்டோமினியத்தில் இரவுப் பாதுகாவலராக இருக்கும் முதியவரின் கடைசி வேலை நாள்தான் கதை. படத்தொகுப்பு முடிந்துவிட்டது, போட்டி ஒன்றுக்கு அனுப்பப் போகிறோம். இசைக்கு ஆள் வைக்கப் பணமில்லை. என்னிடம் ஐபேட் இருக்கிறது, அப்பாவிடம் பழைய ஆர்மோனியம் இருக்கிறது. எனக்குப் பாட வரும், வாசிக்க வராது. ஐபேடிலேயே இசை அமைக்க முடியுமா? கீபோர்டு வாங்க வேண்டுமா? ஒரு பழைய சினிமாப் பாட்டைப் பத்து விநாடி மட்டும் சேர்த்தால் தவறா?

பதில்: முடியும். கீபோர்டு இப்போதைக்கு வேண்டாம். சினிமாப் பாட்டை விட்டுவிடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

செயலியைத் திறப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. படத்தை இசையே இல்லாமல் ஒருமுறை முழுக்க ஓடவிட்டு, எந்தெந்த இடத்தில் இசை வரவே கூடாது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் படம் எடுப்பவர்கள் பலரும் தலைப்பில் தொடங்கும் வயலினை நன்றி சொல்லும் வரை இழுத்துவிடுகிறார்கள். காட்சியின் மேல் நம்பிக்கை குறையும் இடத்தில்தான் இசை கூடுகிறது என்பது என் கணிப்பு. உங்கள் எட்டு நிமிடத்துக்கு இரண்டு, மிஞ்சினால் இரண்டரை நிமிட இசை போதும். இரவுக் காவல் கதை அல்லவா? வாசல் தடுப்புக் கட்டை ஏறி இறங்குவது, வாக்கி டாக்கியின் கரகரப்பு, லிஃப்ட் கதவு, பூச்சிகளின் இரைச்சல், இவையே பாதி வேலையைச் செய்துவிடும்.

செயலி என்று பார்த்தால் ஐபேடில் கராஜ்பேண்ட் இலவசம், அது தாராளம். லாஜிக் புரோ 2023 முதல் ஐபேடிலும் சந்தாவுக்குக் கிடைக்கிறது, ஆனால் இந்தப் படத்துக்குத் தேவையில்லை. ஆண்ட்ராய்டு டேப்லட் வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் பேண்ட்லேப்பைப் பார்க்கலாம். அதுவும் இலவசம், சிங்கப்பூர் நிறுவனத்தின் தயாரிப்பும்கூட.

கராஜ்பேண்டில் ஒரு சங்கடம்: வீடியோவை உள்ளே கொண்டுவர முடியாது. படத்தைப் பார்த்துக்கொண்டே எப்படி வாசிப்பது என்று பலரும் இங்கேதான் சோர்ந்துவிடுகிறார்கள். வழி இருக்கிறது. படத்தின் பேச்சும் சத்தமும் அடங்கிய ஒலியை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து, அதை கராஜ்பேண்டின் முதல் தடத்தில் (டிராக்) போடுங்கள். ஐபேடில் ஏற்கெனவே உள்ள ஷார்ட்கட்ஸ் செயலியில் ‘என்கோட் மீடியா’ என்ற செயலைச் சேர்த்து, ‘ஆடியோ ஒன்லி’யை இயக்கினால் ஒலி தனியாக வந்துவிடும். இதைச் செய்வதற்கு முன், படத்தொகுப்பில் முதல் காட்சிக்கு முன்னால் இரண்டு விநாடி கறுப்புத் திரை வைத்து, அதில் ‘டப்’ என்று ஒரு கைத்தட்டலைச் சேர்த்துவிடுங்கள். கராஜ்பேண்டிலும் அதே புள்ளியில் ஒரு தட்டல் வையுங்கள். இசையைத் திரும்பக் கொண்டுபோய்ப் படத்துடன் ஒட்டும்போது இரண்டு தட்டலும் ஒன்றாக விழுந்தால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும். பிறகு இரண்டையும் வெட்டி எடுத்துவிடலாம்.

கோப்பை இறக்கியதும் பேச்சு பாதியில் நின்றுபோனால் பதற வேண்டாம். கராஜ்பேண்ட் ஒரு பகுதிக்கு எட்டு பார் (தாளச் சுற்று) நீளம்தான் முதலில் தரும். வலப்பக்க மேல்மூலையில் உள்ள கூட்டல் குறியைத் தொட்டு, நீளத்தை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிவிட்டுக் கோப்பை மறுபடி இறக்குங்கள். தாளவேகத்தையும் அதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். பேச்சைப் போட்ட பிறகு வேகத்தை மாற்றினால் அமைப்பைப் பொறுத்துப் பேச்சும் சேர்ந்து இழுபடலாம்.

வேகத்தைக் காதால் தேடுவதைவிடக் கணக்குப் போட்டுவிடுவது சுலபம். பெரியவர் காவல் அறையிலிருந்து வாசல் வரை நடக்கும் காட்சி 24 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 80 தட்டு என்றால் நான்கு தட்டு கொண்ட ஒரு பார் சரியாக 3 விநாடி. எட்டு பாரில் காட்சி முடிந்துவிடும். காட்சி 26 விநாடியாக இருந்தால்? எட்டு பாருக்கு 32 தட்டு. 32-ஐ 60-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 74. அந்த வேகத்தை வைத்தால் அவர் வாசலைத் தொடும்போது இசையும் முடியும். ஒவ்வொரு வெட்டும் தட்டில் விழ வேண்டும் என்று மட்டும் மெனக்கெடாதீர்கள், விளம்பரப் படம் மாதிரி ஆகிவிடும்.

வாசிக்க வராது என்கிறீர்கள், ஆனால் பாட வரும். அது பெரிய சொத்து. கராஜ்பேண்டின் கீபோர்டில் ‘ஸ்கேல்’ என்ற பொத்தான் உண்டு. அதில் ‘மேஜர் பென்டடானிக்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் திரையில் மோகனத்தின் ஐந்து ஸ்வரங்கள் மட்டும் நிற்கும். ‘மைனர் பென்டடானிக்’ என்றால் சுத்த தன்யாசி. எங்கே தொட்டாலும் அபஸ்வரம் வராது. அப்புறம் ‘ஸ்க்ரோல்’ என்று இருக்கும் பொத்தானை ‘பிட்ச்’ என்று மாற்றுங்கள். விரலை இழுத்தால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகலாம். முழுக் கமகம் கிடைக்காது, ஆனால் மொட்டையாகவும் கேட்காது. முதலில் வாயால் பாடிப் பாருங்கள், பிறகு விரலால் தேடுங்கள். இந்தக் கதைக்குச் சுத்த தன்யாசி பொருந்தும் என்று தோன்றுகிறது. மோகனம் கொஞ்சம் மலர்ச்சியானது, கடைசிக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம்.

‘சாம்ப்ளர்’ என்ற கருவியையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் இரும்புக் கம்பிக் கதவை ஒரு கரண்டியால் மெதுவாகத் தட்டிப் பதிவு செய்யுங்கள். அதைக் கீழ் ஸ்தாயியில் வாசித்தால் ஏறக்குறைய மணிச் சத்தம் மாதிரி நீளும். காவல்காரர் கதைக்குக் கதவிலிருந்து பிறந்த இசை, யோசித்துப் பாருங்கள். விடியற்காலைக் காட்சி இருந்தால் குயிலையும் பிடியுங்கள். நம் குடியிருப்புகளில் பொழுது புலரும் முன்பே தூக்கத்தைக் கெடுக்கும் அதே குயில்தான். ஒவ்வொரு கூவலுக்கும் சுருதியை ஏற்றிக்கொண்டே போகும். எந்த வயலினும் அந்த இடத்தில் அதை மிஞ்சாது.

அப்பாவின் ஆர்மோனியத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய பெட்டிகளின் சுருதி கராஜ்பேண்ட் கருவிகளுடன் துல்லியமாக ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. இலவச டியூனர் செயலி ஒன்றில் சோதித்துப் பாருங்கள். விலகியிருந்தால் அந்தப் பகுதியில் ஆர்மோனியமும் உங்கள் குரலும் மட்டும் இருக்கட்டும், வேறெதையும் கலக்காதீர்கள். படுக்கையறையில் மெத்தைக்கும் துணி அலமாரிக்கும் நடுவே பதிவு செய்யுங்கள். மின்விசிறி, குளிர்சாதனம் இரண்டையும் அணைத்துவிடுங்கள். மேல்மாடியில் துளையிடும் வேலை நடந்தால் ஒன்றும் செய்வதற்கில்லை, இரவு உணவுக்குப் பிறகு பாருங்கள். செயலியின் தாளத் தட்டலைக் கேட்டுக்கொண்டே பதிவதற்குக் கம்பியுள்ள இயர்போன்தான் சரி. புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், நீங்களும் தாமதமாக வாசிப்பீர்கள்.

மகள் தொலைபேசியில் அழைக்கும் காட்சி மாதிரி வசனம் வரும் இடங்களில் கவனம். பேச்சு தெளிவாகப் புரிவதற்கு 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான் முக்கியம். புல்லாங்குழலும் வயலினும் அதே பரப்பில்தான் பளிச்சென்று கேட்கும், அதனால் பேச்சும் அவையும் மோதிக்கொள்ளும். அங்கே மெட்டு வேண்டாம், கீழ்ச் சுருதியில் ஆர்மோனியம் மட்டும் நிற்கட்டும். முக்கியமான வரிக்கு ஒரு மூச்சு முன்பே அதையும் நிறுத்துங்கள். வசனத்தின் அடியில் ஓடும் இசையைப் பேச்சைவிடச் சுமார் 15 டெசிபெல் கீழே வைத்துத் தொடங்கி, பிறகு காதால் சரிசெய்யுங்கள். கைப்பேசி ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். கீழ்ச் சுருதி அதில் காணாமல் போகும். அப்படியானால் ஒரு ஸ்தாயி மேலே அதே சுருதியை மெல்லியதாகச் சேர்த்தால் போதும்.

ஏற்றுமதி செய்யும்போது பேச்சுத் தடத்தை மறக்காமல் மௌனமாக்குங்கள். இல்லாவிட்டால் படத்தில் எல்லாரும் இரட்டைக் குரலில் பேசுவார்கள். சுருக்கப்படாத தரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சரி, சினிமாப் பாட்டு. பத்து விநாடி வரை பரவாயில்லை என்று சட்டத்தில் எங்கும் இல்லை. சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தில் நியாயமான பயன்பாடு என்ற ஏற்பாடு உண்டு. ஆனால் அது சூழ்நிலையைப் பார்த்து முடிவாவது, விநாடிக் கணக்கில் அல்ல. ஒரு பாட்டில் மெட்டு, வரிகளின் உரிமை தனி, பதிவின் உரிமை தனி. இரண்டுக்கும் அனுமதி வேண்டும், நன்றி போட்டால் அனுமதி ஆகிவிடாது. பாரதியார் பாட்டைப் பாடலாமே என்று தோன்றலாம். 1921-ல் மறைந்தவர், வரிகள் பொதுச் சொத்து, தாராளமாகப் பாடுங்கள். ஆனால் நாம் கேட்டு வளர்ந்த சினிமா மெட்டு ஓர் இசையமைப்பாளருடையது, அதனால் மெட்டு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

கராஜ்பேண்டில் வரும் ஆயத்த லூப்களை (திரும்பத் திரும்ப ஓடும் இசைத்துண்டுகளை) உங்கள் இசைக்குள் சேர்த்துப் பயன்படுத்த ஆப்பிளின் உரிமம் இடம் தருகிறது. ஆனால் அதே லூப் ஆயிரம் பேரிடம் இருக்கும். படத்தை யூடியூபில் ஏற்றும்போது வேறு யாரோ உரிமை கோருவதும் உண்டு. கதவு, குயில், ஆர்மோனியம் என்று சொந்தப் பதிவுகள் இருந்தால் அந்தத் தலைவலி குறைவு. போட்டி முடியும் வரை கராஜ்பேண்ட் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள். இசை யாருடையது என்று கேட்டால் தடம் தடமாகத் திறந்து காட்டலாம்.