சிபிஎஸ்இ மதிப்பெண்ணை ஜிபிஏ ஆக்கிக் காட்டலாமா?

கேள்வி: என் மகள் சென்னையில் சிபிஎஸ்இ 10ஆம் வகுப்பை 84 சதவீதத்துடன் முடித்த பின், என் வேலை காரணமாக நியூஜெர்சிக்குக் குடிபெயர்ந்தோம். இங்கே அரசுப் பள்ளியில் 11ஆம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். பழைய மதிப்பெண்களைப் பள்ளி ஜிபிஏ (சராசரித் தரப்புள்ளி) கணக்கில் சேர்க்கவில்லை. போட்டி மிகுந்த கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும்போது அவற்றை நாங்களே ஜிபிஏ ஆக்கிக் காட்டலாமா? வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் நிதியுதவி கிடைக்குமா?

பதில்: மாற்ற வேண்டாம். அமெரிக்கக் கல்லூரிகள் 9 முதல் 12 வரையிலான நான்கு ஆண்டுகளையும் உயர்நிலைப் பள்ளிப் படிப்பாகக் கருதுவதால், சென்னையில் படித்த இரு வகுப்புகளும் விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டும். ஆனால், பட்டியலில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே. இணையத்தில் கிடைக்கும் மாற்று அட்டவணைகளை நம்பி 84ஐ வெறும் ‘பி’ என்று எழுதினால், நீங்களே மகளின் மதிப்பைக் குறைத்ததாகிவிடும். 33 எடுத்தாலே தேர்ச்சி என்ற முறையில் பெற்ற 84ஐ, 60க்குக் கீழே போனால் பெரும்பாலும் தோல்வி என்ற முறையின் அளவுகோலால் அளக்க முடியாது. 10ஆம் வகுப்புச் சான்றிதழில் மதிப்பெண்ணுக்கு அருகில் உள்ள ‘பி1’ போன்ற குறியீடும் இங்குள்ள ‘பி’ அல்ல. அந்தப் பாடத்தில் தேர்ச்சி பெற்றவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தி எட்டுப் பங்காக்கி, முதல் பங்குக்கு ஏ1, இரண்டாவதற்கு ஏ2, மூன்றாவதற்கு பி1 என்று வாரியம் வழங்கும் குறியீடு அது.

இதையெல்லாம் நீங்கள் சொல்வதைவிடப் பள்ளிகள் சொல்வதே எடுபடும். விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் ஒரு மாணவியை அவர் படித்த பள்ளியில் என்னென்ன வாய்ப்புகள் இருந்தன என்பதை வைத்தே எடைபோடுகிறார்கள். அமெரிக்கப் பள்ளி தன்னைப் பற்றிய விவரக்குறிப்பை மதிப்பெண் பட்டியலோடு அனுப்பிவிடும். சென்னைப் பள்ளியிடம் அப்படி ஒன்று இல்லாமல் போகலாம். ஆகவே, பழைய பள்ளியின் முதல்வரிடம் முத்திரையிட்ட 9ஆம் வகுப்பு மதிப்பெண் அட்டையுடன், பள்ளியின் கடிதத்தாளில் ஒரு பக்கக் குறிப்பும் கேட்டு வாங்குங்கள். 10ஆம் வகுப்பில் எத்தனை பேர் படித்தார்கள், பள்ளியின் சராசரி என்ன, ஏபி (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்கள்) போன்ற உயர்நிலைப் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அங்கே இல்லை என்பவை அதில் இருக்கட்டும். கடைசித் தகவல் இல்லாவிட்டால், கடினமான பாடங்களை உங்கள் மகள் தவிர்த்துவிட்டதாகத் தோன்றக்கூடும். இவை அனைத்தையும் இப்போதைய பள்ளியின் கவுன்சிலரிடம் (மாணவர் ஆலோசகர்) கொடுத்து, மதிப்பெண் பட்டியலோடு இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். மே மாத விடுமுறையில் சென்னைப் பள்ளி அலுவலகத்தில் ஆள் கிடைப்பது அரிது என்பதால் ஏப்ரலுக்குள் வாங்கிவிடுவது நல்லது.

இன்னொன்றையும் உடனே பாருங்கள். இடம்பெயர்ந்து வரும் பிள்ளைகளைக் கணிதத்தில் ஒரு படி கீழே உட்கார வைப்பது உண்டு. இருபடிச் சமன்பாடு, முக்கோணவியல் எல்லாம் முடித்து வந்த மாணவியை மீண்டும் அல்ஜீப்ராவின் தொடக்கத்துக்கு அனுப்பியிருந்தால், பாடப்புத்தகத்தைக் காட்டி நிலைத்தேர்வு கேளுங்கள். இதில் ஓராண்டு இழந்தால் 12ஆம் வகுப்பில் கால்குலஸ் எட்டாது. பொறியியல் விண்ணப்பத்தில் அது பெரிய குறை.

இரண்டு பாடத்திட்டங்களுக்கும் பொதுவான அளவுகோல் என்பதால், கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வு உங்கள் மகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உதவும். எம்ஐடி, ஹார்வர்ட், டார்ட்மத், பிரவுன் ஆகியவை எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி தேர்வின் மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. கலிஃபோர்னியா பல்கலைக்கழகமோ சேர்க்கைக்கு அதைப் பார்ப்பதே இல்லை. பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் 650 சொல் கட்டுரையை நாடு மாறிய கதைக்கே செலவழிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. அதே கதையோடு எத்தனையோ பேர் வருகிறார்கள். ‘கூடுதல் தகவல்’ பகுதியில் எப்போது, எதனால் பள்ளி மாறினார் என்று நான்கு வரி போதும்.

எச்-4 விசாவில் இருப்பவருக்கு ஃபாஃப்சா என்ற நிதியுதவி விண்ணப்பத்தின் வழியான கூட்டரசு உதவி கிடையாது. பல தனியார் கல்லூரிகள் நிதியுதவிக்கு அவரை வெளிநாட்டு மாணவராகவே கொள்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில மட்டுமே வெளிநாட்டினருக்கும் வசதியைப் பாராமல் இடம் அளித்துத் தேவையை முழுமையாக ஈடுகட்டுகின்றன. மற்ற இடங்களில் உதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கக்கூடும் என்பதால், எவ்வளவு கட்ட முடியும் என்பதைப் பட்டியல் போடுவதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள். 21 வயதில் எச்-4 தகுதி முடிந்துவிடுவதால், படிப்பின் நடுவில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வரலாம் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.